காளானுக்கு எந்த மைக்ரோஸ்கோப்? வாங்கும் முன் ஒரு கணக்கு

காட்டுக் காளான்களை அடையாளம் காணப் பழகுகிறவர்கள் சீக்கிரமே ஒரு இடத்தில் முட்டி நிற்பார்கள். குடையின் நிறம், அடியில் உள்ள செவுள், காம்பில் வளையம் உண்டா, காம்பின் அடியில் கிண்ணம் போன்ற உறை உண்டா என்று எல்லாவற்றையும் குறித்துக்கொண்டு புத்தகத்தைத் திறந்தால், ஸ்போர்கள் (விதை போலக் காளான் உதிர்க்கும் நுண்துகள்கள்) இத்தனை மைக்ரான் நீளம், சுவர் சொரசொரப்பு என்று ஒரு வரி வந்து நிற்கும். மைக்ரான் என்பது மில்லிமீட்டரில் ஆயிரத்தில் ஒரு பங்கு. வெறும் கண்ணுக்கு அங்கே வேலை இல்லை. மைக்ரோஸ்கோப் வாங்கலாமா என்ற யோசனை அப்போதுதான் வருகிறது. கடைகளில் தேடினால் சில நூறு ரூபாய்க்கும் இருக்கிறது, லட்சத்துக்கு மேலும் இருக்கிறது. எல்லாவற்றிலும் ‘1000 எக்ஸ்’ என்றுதான் எழுதியிருக்கிறது.

என் முடிவை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். முதல் மழைக்காலத்துக்கு மைக்ரோஸ்கோப் வேண்டாம். நல்ல 10 மடங்கு கை லென்ஸ் ஒன்று போதும். அப்புறமும் ஆர்வம் குறையவில்லை என்றால், நடுவில் இருக்கிற மலிவான கருவிகளைத் தொடாமல், ஒளியைக் குவிக்கும் கண்டென்சரும் எண்ணெயில் தோய்த்துப் பார்க்கும் 100 மடங்கு லென்ஸும் உள்ள இருகண் மைக்ரோஸ்கோப்புக்கே போய்விடுங்கள். பழையதாக இருந்தாலும் பரவாயில்லை. இந்த முடிவுக்கான காரணங்களை நம் பக்கம் முளைக்கிற மூன்று காளான்களை வைத்தே விளக்கிவிடலாம்.

மூன்று காளான், மூன்று கேள்வி

முதலாவது, மழை பெய்த சில நாட்களில் புல்தரையில் பெரிய வெள்ளைக் குடையாக, நடுவில் பழுப்புச் செதில்களோடு எழும்பும் குளோரோஃபில்லம் மொலிப்டைட்டிஸ். பள்ளி மைதானம், பூங்கா, வீட்டு முற்றம் எங்கும் வரும். பார்க்க அழகாக, சாப்பிடலாம் போலத்தான் இருக்கும். சாப்பிட்டால் சில மணி நேரத்துக்குள் கடுமையான வாந்தியும் வயிற்றுப்போக்கும் பிடித்துக்கொள்ளும். வெப்ப நாடுகளில் காளானால் நஞ்சேறுவதற்கு அடிக்கடி காரணமாகிறது இது. இளசாக இருக்கும்போது செவுள் வெள்ளையாகவே இருப்பதால் உண்ணத்தக்க சில பெரிய குடைக்காளான்களோடு குழப்பிக்கொள்வார்கள். ஆனால் இதன் ஸ்போர்த் தூள் பச்சை. குடையை வெட்டி, செவுள் கீழே இருக்கும்படி ஒரு கண்ணாடித் துண்டின் மேல் வைத்து, கிண்ணத்தால் மூடி இரவு முழுக்க விட்டுவிட்டால், காலையில் மங்கிய பச்சைப் படிவு கிடைக்கும். கேள்வி தீர்ந்தது. மைக்ரோஸ்கோப் தேவைப்படவில்லை.

இரண்டாவது, புற்றுக்காளான். கறையான் வளர்க்கும் பூஞ்சைத் தோட்டத்திலிருந்து மண்ணைத் துளைத்துக்கொண்டு வரும் டெர்மிடோமைசஸ் பேரினம் (நெருங்கிய பல வகைகளின் தொகுதி). இந்தப் பேரினத்துக்கு 1942இல் பெயர் வைத்தவர் பிரெஞ்சு அறிவியலாளர் ரோஜர் ஹைம். தென்னிந்தியாவில் கிடைத்த ஒரு வகைக்கு 1979இல் அவர் பெயரையே சூட்டி டெர்மிடோமைசஸ் ஹைமி என்று விவரித்தவர் சென்னைப் பல்கலைக்கழகத் தாவரவியல் உயராய்வு மையத்தைச் சேர்ந்த நடராஜன். இதன் ஸ்போர்த் தூள் இளஞ்சிவப்பு. சிக்கல் என்னவென்றால், நஞ்சுள்ள வகைகளைக் கொண்ட என்டோலோமா பேரினத்துக்கும் தூள் இளஞ்சிவப்புதான். காளானைத் தோண்டி எடுத்திருந்தால் பிரச்சினை இல்லை. புற்றுக்காளானின் காம்பு மண்ணுக்குள் நீண்ட வேராக இறங்கிக் கறையான் கூட்டைத் தொடும். என்டோலோமாவுக்கு அப்படி வேர் கிடையாது. கிராமத்தில் தெரிந்தவர்கள் இந்த வேரைப் பார்த்துத்தான் சொல்கிறார்கள். ஆனால் யாரோ பாதிக் காம்போடு பிடுங்கிக் கொண்டுவந்து கொடுத்தால்? அப்போது மைக்ரோஸ்கோப் பேச ஆரம்பிக்கும். புற்றுக்காளானின் ஸ்போர் வழவழப்பான முட்டை வடிவம். என்டோலோமாவினுடையது எந்தப் பக்கம் திருப்பினாலும் மூலை மூலையாக, கோணங்களோடு இருக்கும். 40 மடங்கு பொருளருகு லென்ஸ் (ஸ்லைடின் பக்கம் இருக்கும் லென்ஸ்) உள்ள, ஒழுங்கான எந்தக் கருவியிலும் இந்த வித்தியாசம் தெளிவாகத் தெரியும். மைக்ரோஸ்கோப்பால் என்ன பயன் என்று கேட்கிறவர்களுக்கு நான் காட்ட விரும்புவது இந்த ஒரு காட்சியைத்தான்.

மூன்றாவது, ருஸ்ஸுலா. மேற்குத் தொடர்ச்சி மலையில் குங்கிலியக் குடும்பத்து மரங்களின் வேரோடு கூட்டுச் சேர்ந்து வாழ்கிறவை இவற்றில் உண்டு. சிவப்பு, மஞ்சள், ஊதா என்று நிறம் மாறி மாறி வரும். காம்பை ஒடித்தால் நார் நாராகப் பிரியாமல் சுண்ணாம்புக்கட்டி போலப் பொடிந்து உடையும். அதனால் ருஸ்ஸுலா என்று சொல்வது எளிது, எந்த ருஸ்ஸுலா என்று சொல்வதுதான் பாடு. ஸ்போரின் மேல் சிறு முள்ளும் மேடும் வலைப்பின்னலும் இருக்கும். அவை அயோடின் பட்டால் கருநீலமாகும். அந்த மேடுகள் பல வகைகளில் ஒரு மைக்ரான் உயரம்கூட இருக்காது. இங்கே 40 மடங்கு லென்ஸ் கை விரித்துவிடும். எண்ணெய் லென்ஸும் சரியான சாயமும் வேண்டும்.

ஆக, எந்தக் கருவியை ஒப்பிட்டாலும் கேட்க வேண்டியது இந்த மூன்றில் எதற்கு அது பதில் சொல்லும் என்பதுதான்.

கை லென்ஸ்: குறைத்து மதிப்பிட வேண்டாம்

மூன்று கண்ணாடிகளை ஒட்டிச் செய்த 10 மடங்கு லென்ஸ் சில நூறு ரூபாய் முதல் கிடைக்கும். 30 மடங்கு, 60 மடங்கு என்று அச்சிட்ட நகைக்கடை லென்ஸ்களை விட்டுவிடுங்கள். பெரும்பாலும் அந்த எண் உண்மையாக இருப்பதில்லை. உண்மையாக இருந்தாலும் பார்வைப் பரப்பு குண்டூசித் தலையளவுக்குச் சுருங்கிவிடும், கை நடுங்கும். லென்ஸைக் கண்ணுக்கு ஒட்டிப் பிடித்து, காளானை அதை நோக்கிக் கொண்டுவர வேண்டும். பலர் இதைத் தலைகீழாகச் செய்துவிட்டு ஒன்றும் தெரியவில்லை என்கிறார்கள்.

கை லென்ஸில் செவுள் காம்போடு எப்படி ஒட்டுகிறது என்று தெரியும். செவுளின் விளிம்பு வேறு நிறத்தில் இருப்பது, குடையின் மேல் உள்ள மயிர், காம்பின் மேல் தூவியது போன்ற பொடி எல்லாம் தெரியும். ஸ்போர் தெரியாது. ஆனால் ஸ்போர்ப் படிவின் நிறமும் கை லென்ஸும் சேர்ந்தால், ஒரு தொடக்கநிலையாளர் தன் பையில் உள்ளவற்றில் பெரும்பாலானவற்றைப் பேரினம் வரை கொண்டுபோய்விடலாம். முதல் பருவத்துக்கு அதுவே பெரிய வேலை.

இன்னொரு காரணமும் உண்டு. செவுள், உறை, வளையம், மணம், முளைத்த இடம், பக்கத்தில் நின்ற மரம் ஆகியவற்றைக் கவனித்து எழுதும் பழக்கம் வராமல் மைக்ரோஸ்கோப்பில் உட்கார்ந்தால், வழவழப்பான நீள்வட்ட ஸ்போர் ஒன்று தெரியும். அந்த வர்ணனைக்குப் பொருந்துகிற காளான்கள் ஆயிரக்கணக்கில் இருக்கின்றன. தேடலை வெளிப்புற அடையாளங்களால் சுருக்கிக் கொண்டுவந்தவருக்குத்தான் ஸ்போர் பதில் சொல்லும்.

நடுவில் நிற்கும் மலிவுக் கருவிகள்

யூஎஸ்பி டிஜிட்டல் மைக்ரோஸ்கோப் பார்க்க வசதியாக இருக்கிறது. கணினியில் செருகினால் படம் வந்துவிடும். பெட்டியில் போட்டிருக்கும் 1000 என்ற எண் பெரும்பாலும் திரையில் படம் எத்தனை பெரிதாக விரிகிறது என்பதைக் கணக்கில் சேர்த்து வந்தது. படம் விரிவதாலேயே நுணுக்கம் கூடிவிடாது. ஸ்போர் ஒன்றைத் தனியாகப் பிரித்து உருவம் காட்டும் திறன் இவற்றுக்குக் கிடையாது. செவுளின் விளிம்பையோ குடையின் மயிரையோ படமெடுக்க உதவும். அதைக் கை லென்ஸும் ஃபோன் கேமராவும் ஏறக்குறையச் செய்துவிடும்.

குழந்தைகளுக்கான பிளாஸ்டிக் மைக்ரோஸ்கோப் பெட்டிகளிலும் இதே எண் விளையாட்டுதான். ஒரு லென்ஸ் எவ்வளவு நுணுக்கமாகப் பிரித்துக் காட்டும் என்பது அதன் எண்துளை எனப்படும் அளவைப் பொறுத்தது. அந்த எண்ணை 1000ஆல் பெருக்கினால் வருவதுதான் பயனுள்ள உருப்பெருக்கத்தின் மேல் எல்லை. 0.65 எண்துளை உள்ள லென்ஸுக்கு அது 650. அதற்கு மேல் பெருக்கினால் மங்கல்தான் பெரிதாகும். எண்துளையே பொறிக்காத லென்ஸை வைத்துக்கொண்டு 1200 மடங்கு என்று விற்பவரிடம் வாங்க வேண்டாம்.

ஃபோல்ட்ஸ்கோப்பை இந்த வரிசையில் சேர்க்க எனக்கு மனம் வரவில்லை. ஸ்டான்ஃபோர்ட் பல்கலைக்கழகத்தின் மனு பிரகாஷும் அவருடைய குழுவினரும் 2014இல் வெளியிட்ட காகித மைக்ரோஸ்கோப் இது. மடித்துச் செய்யலாம், சட்டைப் பையில் போட்டுக்கொள்ளலாம். உருப்பெருக்கம் 140 மடங்கு, பிரித்துக் காட்டும் திறன் ஏறத்தாழ 2 மைக்ரான். இந்திய அரசின் உயிரித் தொழில்நுட்பத் துறை இதைப் பள்ளி, கல்லூரிகளுக்குக் கொண்டுசேர்க்கத் தனித் திட்டமே நடத்தியது. எண்களை மறைக்காமல் சொல்கிற கருவி என்பதால் அதன் மேல் எனக்கு மரியாதை உண்டு. ஆனால் 8 மைக்ரான் ஸ்போரை 2 மைக்ரான் நுணுக்கத்தில் பார்த்தால் என்ன கிடைக்கும்? ஸ்போர் இருக்கிறது என்று தெரியும், உருண்டையா நீளமா என்று ஊகிக்கலாம். என்டோலோமாவின் மூலைகள் சந்தேகத்துக்கு இடமின்றித் தெரியாது. பிள்ளைகளோடு சேர்ந்து காளான் பார்க்கிறவர்கள் தாராளமாக வாங்கலாம். பெயர் சொல்ல இதை நம்ப வேண்டாம்.

ஸ்டீரியோ மைக்ரோஸ்கோப் வேறு ரகம். 20 முதல் 40 மடங்கு வரை, இரண்டு கண்ணாலும் ஆழத்தோடு காட்டும். மரக்கட்டையில் முளைக்கும் குட்டிக் கிண்ணக் காளான்களையும் சளிப்பூஞ்சைகளையும் அதில் பார்ப்பது தனி இன்பம். செவுளைப் பிளேடால் மெல்லிசாகச் சீவும்போதும் உதவும். ஆனால் அதிலும் ஸ்போரின் உருவம் தெரியாது. இரண்டாவது கருவியாக வாங்கிக்கொள்ளலாம்.

உண்மையான வேலைக்கு வரும் கருவி

கல்லூரித் தாவரவியல் கூடத்திலும் ரத்தப் பரிசோதனை நிலையத்திலும் இருக்கிற கூட்டு மைக்ரோஸ்கோப்தான் நமக்கு வேண்டியது. 4, 10, 40, 100 என்று நான்கு பொருளருகு லென்ஸ்கள், 10 மடங்கு கண்ணருகு லென்ஸ், மேடைக்குக் கீழே ஏறி இறங்கும் கண்டென்சர், அதில் ஒளியைக் கட்டுப்படுத்தும் ஐரிஸ். கண்டென்சரையும் ஐரிஸையும் பலர் கவனிப்பதில்லை. நிறமற்ற ஸ்போர் தண்ணீரில் மிதக்கும்போது ஐரிஸைக் கொஞ்சம் மூடினால்தான் விளிம்பு எழும்பி நிற்கும். ஐரிஸுக்குப் பதில் துளைகள் போட்ட தட்டை மட்டும் சுழற்றுகிற மாதிரிகளில் அந்தக் கட்டுப்பாடு கிடையாது. அப்படிப்பட்டதை எவ்வளவு மலிவாகக் கொடுத்தாலும் வேண்டாம் என்பேன்.

லென்ஸின் உடம்பில் பொறித்திருப்பதைப் படிக்கக் கற்றுக்கொள்ளுங்கள். 40/0.65 என்றும் அதன் கீழே 160/0.17 என்றும் இருந்தால், உருப்பெருக்கம் 40, எண்துளை 0.65, குழாய் நீளம் 160 மில்லிமீட்டர், 0.17 மில்லிமீட்டர் கவர் ஸ்லிப்புக்காக (ஸ்லைடின் மேல் மூடும் மெல்லிய கண்ணாடி) செய்தது என்று பொருள். எண்ணெய் லென்ஸில் 100/1.25 என்று இருக்கும். முதலாவது ஏறத்தாழ அரை மைக்ரான் வரையும், இரண்டாவது கால் மைக்ரான் அளவு வரையும் பிரித்துக் காட்டும். ருஸ்ஸுலாவின் முட்கள் ஏன் 100இல் மட்டும் தெரிகின்றன என்பதற்கு விடை இந்த இரண்டு எண்களில் இருக்கிறது. 160 என்பதற்குப் பதில் முடிவிலிக் குறி இருந்தால் அது புதிய முறையில் செய்தது. இரண்டும் நல்லவைதான். ஆனால் ஒன்றின் லென்ஸை மற்றதில் திருகிப் பயன்படுத்தக் கூடாது. பழைய கருவிக்கு உதிரி லென்ஸ் தேடும்போது இதை மறந்துவிடாதீர்கள்.

ஒற்றைக்கண்ணா, இருகண்ணா? ஒற்றைக்கண் மாதிரி விலையில் கணிசமாகக் குறையும். ஒரு ஸ்லைடை இரண்டு நிமிடம் பார்த்துவிட்டுப் போகிற மாணவருக்கு அது போதும். காளான்காரர் அப்படி எழுந்து போவதில்லை. ஒரு வகையின் ஸ்போர்களை இருபது முப்பது என்று அளக்க வேண்டும், செவுள் விளிம்பில் சிஸ்டிடியம் என்ற தனிச் செல்களைத் தேட வேண்டும், இழைகளின் குறுக்குச் சுவரில் கொக்கி போன்ற கிளாம்ப் இணைப்பு இருக்கிறதா என்று துழாவ வேண்டும். ஒரு கண்ணை இடுக்கிக்கொண்டு இதைச் செய்தால் தலைவலிதான் மிஞ்சும், சீக்கிரம் கருவி அலமாரிக்குப் போய்விடும். இருகண் மாதிரிக்காகக் கூடுதலாகச் செலவிடுகிற பணம் வீணாகாது. கேமராவுக்காக மூன்றாவது குழாய் உள்ள மாதிரி தொடக்கத்தில் தேவையில்லை. ஃபோனைக் கண்ணருகு லென்ஸோடு பொருத்தும் பிடிப்பான் வைத்தே பதிவுக்குப் போதுமான படம் எடுக்கலாம். தட்டையான படம் தருகிற பிளான் லென்ஸ்களும் அப்படித்தான். படமெடுப்பவருக்கு அருமை, பார்ப்பவருக்கு அவசியமில்லை.

விளக்கு எல்இடியாக இருக்கட்டும். கண்ணாடி வைத்துச் சூரிய ஒளியைத் திருப்பும் பழைய மாதிரி நன்றாகவே வேலை செய்யும், ஆனால் காளான் பருவத்தில் வெயிலுக்கு எங்கே போவது?

புதியதா, பழையதா

இந்தியாவில் ஆய்வகக் கருவித் தொழிலின் பெரிய மையம் ஹரியாணாவின் அம்பாலா. மாணவர் மைக்ரோஸ்கோப்புகள் ஏராளமாக அங்கிருந்துதான் வருகின்றன. தரம் மேலும் கீழுமாக இருக்கும். மேக்னஸ், லேபோமெட் போன்ற பெயர்களில் வரும் இருகண் மாதிரிகளுக்கு உதிரிபாகமும் பழுதுபார்ப்பவரும் ஊர்ப் பக்கம் கிடைப்பது பெரிய சௌகரியம். எல்இடி விளக்குள்ள இருகண் மாணவர் மாதிரிக்குப் பத்தாயிரத்துக்கு மேலிருந்து இருபத்தைந்தாயிரம் ரூபாய் வரை ஒதுக்கி வைத்தால் தேர்ந்தெடுக்க இடம் இருக்கும்.

அதே பணத்துக்குப் பழைய ஒலிம்பஸ், நிகான் கிடைத்தால் நான் பழையதைத்தான் எடுப்பேன். மூடிய பரிசோதனை நிலையங்கள், கருவி மாற்றுகிற மருத்துவமனைகள், மருத்துவம் படித்து முடித்தவர்கள் என்று விற்பவர்கள் இருக்கிறார்கள். நல்ல கண்ணாடிக்கு வயது ஒரு குறை இல்லை. ஆனால் நேரில் பார்க்காமல் வாங்காதீர்கள். ஸ்போர்ப் படிவிலிருந்து தயாரித்த ஒரு ஸ்லைடைக் கையில் கொண்டுபோங்கள். 40 மடங்கில் ஸ்போரின் விளிம்பு கூர்மையாக நிற்கிறதா பாருங்கள். குவியத் திருகு இறுகிப் போயிருந்தால் உள்ளே மசகு உறைந்திருக்கிறது என்று அர்த்தம், அதைச் சுத்தம் செய்துவிடலாம். திருகைவிட்டுக் கையெடுத்ததும் மேடை தானாக இறங்கினால் விலை பேசலாம். கண்ணருகு லென்ஸைக் கழற்றி வெளிச்சத்துக்கு எதிராகப் பிடித்தால் சிலந்தி நூல் போல இழைகள் தெரிகிறதா? கண்ணாடியிலேயே பூஞ்சை வளர்ந்திருக்கிறது, வேண்டாம். இரண்டு கண்ணாலும் பார்க்கும்போது படம் ஒன்றாகச் சேராமல் இரட்டையாக நின்றாலோ, சேர்ந்தும் கண் வலித்தாலோ, கருவி எங்கோ கீழே விழுந்து உள்ளே பிரிசம் நகர்ந்திருக்கும். இதைச் சரிசெய்யும் செலவு சில சமயம் வாங்கிய விலையை எட்டிவிடும். 100 மடங்கு லென்ஸின் முனை ஸ்லைடில் இடித்துக் கீறியிருப்பதும் பழைய கருவிகளில் சகஜம். அதைக் கை லென்ஸால் பார்த்துவிடலாம்.

அளக்காமல் ஒன்றும் நடக்காது

கருவி வாங்கும்போது பட்ஜெட்டில் பலரும் விட்டுவிடுவது இதைத்தான். ஸ்போர் அழகாகத் தெரிகிறது, சரி. எத்தனை மைக்ரான்? கண்ணருகு லென்ஸுக்குள் போடும் அளவுகோல் ஒன்று வேண்டும். அதன் கோடுகளுக்குத் தானாக அர்த்தம் கிடையாது. ஒரு மில்லிமீட்டரை 100 பங்காகப் பிரித்த மேடை அளவுகோலை ஸ்லைடுக்குப் பதிலாக வைத்து, ஒவ்வொரு பொருளருகு லென்ஸுக்கும் ஒரு கோடு எத்தனை மைக்ரான் என்று கணக்குப் போட்டு எழுதிவைக்க வேண்டும். 40இல் ஏறத்தாழ 2.5 மைக்ரான், 100இல் ஏறத்தாழ 1 மைக்ரான் என்று வரும். உங்கள் கருவிக்குச் சரியான எண்ணை நீங்களேதான் கண்டுபிடிக்க வேண்டும். இந்தக் கணக்கை ஒரு முறை போட்டால் போதும் என்பதால் மேடை அளவுகோலைக் கல்லூரியில் கேட்டு வாங்கி, வேலை முடிந்ததும் திருப்பிக் கொடுத்துவிடலாம். ஃபோனில் படமெடுத்து இமேஜ்ஜே போன்ற இலவச மென்பொருளில் அளப்பதும் நல்ல வழி, அதற்கும் இதே அளவுகோலின் படம் ஒன்று தேவை.

செவுளிலிருந்து சுரண்டிய ஸ்போரை அளக்காதீர்கள், அதில் முற்றாதவையும் கலந்திருக்கும். படிவில் உதிர்ந்தவைதான் முற்றியவை.

சாயம், திரவம் என்று பார்த்தால் தொடக்கத்தில் தண்ணீரே போதும். உலர்ந்த காளானை இளக்க 3 முதல் 5 சதவீதம் பொட்டாசியம் ஹைட்ராக்சைடு, நிறமற்ற சுவர்களைக் காட்டக் காங்கோ ரெட். அடுத்தது செக் நாட்டு அறிவியலாளர் மெல்ட்சர் 1924இல் அறிமுகப்படுத்திய அயோடின் கரைசல். மரணக் காளானை உள்ளடக்கிய அமானிட்டா, ருஸ்ஸுலா பக்கம் போகிறவர்களுக்கு அது இல்லாமல் முடியாது. அதில் குளோரல் ஹைட்ரேட் என்ற நஞ்சுள்ள மயக்கப் பொருள் சேர்வதால் தனி ஆளாக வாங்குவது சிரமம், கல்லூரி வழியாக முயலலாம். அதுவரை பரிசோதனைக் கூடங்களுக்கு விற்கும் லூகால் அயோடினை வைத்துக் கருநீலமாகிறதா என்று மட்டும் பார்க்கலாம். பழுப்புச் சிவப்பாகும் மற்றொரு வினைக்கு அதை நம்ப முடியாது.

வாங்காமலும் இருக்கலாம்

இதையும் ஒரு தேர்வாகவே வைக்கிறேன். காளானைத் துண்டுகளாக்கி, 40 முதல் 45 டிகிரி சூட்டில் மொறுமொறுவென்று காய்ந்து உடையும் வரை உலர்த்தி, சிலிக்கா ஜெல்லோடு காற்றுப் புகாத பையில் போட்டுவைத்தால் ஆண்டுக்கணக்கில் கெடாது. ஸ்போர்ப் படிவை அலுமினியத் தாளில் எடுத்து மடித்து அதே பையில் போட்டுவிடலாம். புதிய காளானின் படமும் குறிப்பும் கூடவே இருந்தால், மைக்ரோஸ்கோப் பார்க்க வேண்டிய வேலையை மழை முடிந்த பிறகு கல்லூரி ஆய்வகத்தில் ஒரு நாள் உட்கார்ந்து முடித்துக்கொள்ளலாம். தாவரவியல் துறை உள்ள கல்லூரி பல மாவட்டங்களில் இருக்கிறது. கேட்டால் விடுகிற ஆசிரியர்களும் இருக்கிறார்கள். ஆர்வம் நிலைக்குமா என்று சந்தேகம் உள்ளவர்களுக்கு இதுவே சிறந்த வழி.

கருவியைவிடப் பெரிய தட்டுப்பாடு நூல்களில்தான். இணையத்தில் எளிதாகக் கிடைக்கும் அடையாளத் திறவுகோல்கள் பெரும்பாலும் ஐரோப்பாவுக்கும் அமெரிக்காவுக்கும் எழுதியவை. அவற்றை வைத்து நம் ஊர்க் காளானுக்குப் பெயர் வைத்தால் கிட்டத்தட்ட பொருந்துகிற தவறான பெயர்தான் கிடைக்கும். லண்டன் கியூ தாவரவியல் தோட்டத்தின் டேவிட் பெக்ளர் இலங்கையின் செவுள் காளான்கள் பற்றி 1986இல் வெளியிட்ட நூல் நமக்கு மிக நெருக்கமான ஒன்று. ஸ்போர் அளவுகளும் வரைபடங்களும் அதில் உண்டு. மைக்ரோஸ்கோப்புக்குச் செலவிடும் முன் அதை எந்த நூலகத்திலாவது ஒரு முறை புரட்டிப் பாருங்கள். அதில் உள்ள வர்ணனைகள் உங்களை ஈர்க்காவிட்டால் கருவியும் ஈர்க்காது.

டிஎன்ஏ சோதனைக்கு அனுப்புவது இன்னொரு வழி. ஐடிஎஸ் என்ற பகுதி பூஞ்சைகளுக்கான பொது அடையாளக் குறியாக 2012இல் முன்மொழியப்பட்டது. கட்டணம் கட்டினால் செய்து தரும் ஆய்வகங்கள் இந்தியாவில் உண்டு. ஆனால் வருகிற விடை, தரவுத்தளத்தில் ஏற்கெனவே யார் எதைப் பதிந்திருக்கிறார்களோ அதை ஒட்டியதுதான். நம் காளான்களில் பலவற்றுக்கு அங்கே சரியான இணை இருக்காது. மைக்ரோஸ்கோப்பில் நீங்களே பார்த்த ஸ்போரும் கையில் இருந்தால்தான் அந்த விடையை எடைபோட முடியும்.

சமையலறைக்கு வழி காட்டாது

எந்தக் கருவியை வாங்கினாலும் அது சாப்பிடலாமா என்ற கேள்விக்கு அனுமதிச் சீட்டு தராது. நஞ்சு ஸ்போரில் எழுதியிருப்பதில்லை. அடையாளம் சரியாக இருந்தால்தான் நஞ்சு உண்டா என்று தெரியும், தொடக்கநிலையாளரின் அடையாளம் பாதி நேரம் பேரினத்தோடு நின்றுவிடும். 2022 ஏப்ரலில் அசாமில் காட்டுக் காளான் சாப்பிட்டு 13 பேர் இறந்தார்கள், பெரும்பாலும் தேயிலைத் தோட்டத்துக் குடும்பங்கள். அமானிட்டா ஃபல்லாய்டிஸ் என்ற மரணக் காளானில் உள்ள அமானிட்டின் சமைத்தாலும் அழியாது. அறிகுறி தெரியவே ஆறு மணி நேரத்துக்கு மேல் ஆகும், அதற்குள் கல்லீரல் அடி வாங்கியிருக்கும். நம் வைக்கோல் காளானுக்குப் பழகிய ஆசியர்கள் வெளிநாடுகளில் இதன் மொட்டை வைக்கோல் காளான் என்று நினைத்துப் பறித்துச் சமைத்த துயரங்கள் உண்டு. ஆஸ்திரேலியாவின் கான்பெராவில் 2012 தொடக்கத்தில் இரண்டு உயிர்கள் அப்படிப் போயின. முற்றிய காளானில் வைக்கோல் காளானின் ஸ்போர்ப் படிவு இளஞ்சிவப்பு, மரணக் காளானுடையது வெள்ளை. மொட்டுப் பருவத்திலோ செவுள் மூடியிருக்கும், படிவே கிடைக்காது. வெளிநாட்டில் இருக்கும் தமிழர்கள் ஊர் நினைவில் எதையும் பறிக்க வேண்டாம் என்று கேட்டுக்கொள்கிறேன்.

வாங்கிய பிறகு

காளான் முளைக்கிற அதே ஈரம்தான் லென்ஸிலும் பூஞ்சை வளர்க்கும். கருவியோடு வருகிற பிளாஸ்டிக் உறையை மட்டும் போட்டு மூலையில் வைத்தால் ஒரு பருவமழையிலேயே கண்ணாடி மங்கத் தொடங்கலாம். மூடக்கூடிய பெட்டிக்குள் சிலிக்கா ஜெல்லோடு வையுங்கள். ஜெல்லின் நிறம் மாறியதும் சூடாக்கித் திரும்பப் பயன்படுத்தலாம். எண்ணெய் லென்ஸை வேலை முடிந்தவுடன் லென்ஸ் தாளால் ஒற்றி எடுத்துவிடுங்கள். பழைய தேவதாரு எண்ணெய் காய்ந்து இறுகும் தன்மையுடையது, இறுகாத செயற்கை எண்ணெயாகப் பார்த்து வாங்குங்கள். எண்ணெய் விட்ட ஸ்லைடின் மேல் 40 மடங்கு லென்ஸைத் திருப்பிக் கொண்டுவர வேண்டாம். அதன் முனைக்கும் கவர் ஸ்லிப்புக்கும் இடைவெளி அரை மில்லிமீட்டர் அளவுதான், நிச்சயம் எண்ணெய் ஒட்டும். 40இல் படம் திடீரென்று பனி மூடியது போல மங்கினால் கருவி கெட்டுவிட்டது என்று பயப்படாமல், முதலில் அந்த முனையைத் துடைத்துப் பாருங்கள்.